ஏழு மணிக் கழுத்து

மனைவி: ...அதான் சொல்றேன், கையால நீவி விடுறதுதான் ஒசத்தி. டாக்டரம்மா ஒரு அழுத்து அழுத்தினா, அப்பாடான்னு இருக்கும்.

கணவர்: அப்புறம் ஏன் இன்னும் கழுத்த சாச்சுக்கிட்டு உக்காந்திருக்க?

மனைவி: நீங்க மட்டும் என்னவாம்? பன்னெண்டு வாரமா தாடைய உள்ள இழுத்து உள்ள இழுத்து, பாக்க ஆமை மாதிரி ஆயிட்டீங்க.

கணவர்: அது பயிற்சி. ஒரு தடவைக்குப் பத்து எண்ணணும். உனக்கு அதுக்கெல்லாம் பொறுமை ஏது...

பிசியோ: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அண்ணே, தோள் அசையாம வலப்பக்கம் திரும்புங்க.

கணவர்: ஆ...

பிசியோ: நாப்பது டிகிரி. இப்ப இடப்பக்கம்... எழுபத்தஞ்சு. அக்கா, நீங்க?

மனைவி: எனக்கு வலப்பக்கம் தாராளமா போகும். இடப்பக்கம்தான் கதவு சாத்தின மாதிரி.

பிசியோ: மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்த அதே அளவு. ஒரு டிகிரி கூட மாறல.

கணவர்: அதுக்கு ஏன் டாக்டரம்மா இவ்வளவு கவலப்படுறீங்க?

பிசியோ: நாளைக்குக் காலையில நான் ஆராய்ச்சி அறிக்கை எழுதிக் குடுக்கணும் அண்ணே. கையால நீவி விடுறது மேலா, பயிற்சி மேலான்னு. இருபது பேருக்கு இது, இருபது பேருக்கு அது. முப்பத்தெட்டு பேருக்கு வலி குறைஞ்சிருக்கு. மிச்சம் ரெண்டு பேரு...

மனைவி: நாங்களா?

பிசியோ: ஒரே வீட்டுல, ஆளுக்கொரு முறை, ரெண்டும் பலிக்கல. ஏன்னு கேப்பாங்க. காரணம் தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?

கணவர்: காரணம் என்ன பெரிய காரணம். நான் கடிகாரம் பழுது பாக்குறவன். நாள் பூரா குனிஞ்சே கெடக்கேன்.

மனைவி: நான் தையல்.

கணவர்: ஆச்சா, எழுதிக்கோங்க. மணி என்ன ஆச்சு?

பிசியோ: ஆறே முக்கால். இல்லண்ணே, எழுத முடியாது. குனிஞ்சு வேலை பாத்தா ரெண்டு பக்கமும் சமமா பிடிக்கும். தலை நாலஞ்சு கிலோ இருக்கும். நேரா வெச்சா எலும்பு தாங்கிக்கும். ஒரே பக்கமா திருப்பி வெச்சே இருந்தீங்கன்னா, தசைதான் அத இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். உங்க ரெண்டு பேரோட தசையும் எதையோ பிடிச்சுக்கிட்டு நிக்குது.

மனைவி: எங்க வீட்டுல அப்படிப் பிடிச்சுக்க என்ன இருக்கு...

பிசியோ: நீங்க எழுதின வலிக் குறிப்ப பாருங்க. பத்துக்கு, திங்கள் நாலு. செவ்வாய் அஞ்சு. வெள்ளிக்கிழமை எட்டு. சனி, ஞாயிறு இறங்கிடுது. அண்ணே, உங்க கடைக்கு என்னைக்கு லீவு?

கணவர்: புதன்.

பிசியோ: புதன்கிழமையும் ஆறுன்னு எழுதியிருக்கீங்க. அக்கா, ஞாயித்துக்கிழமை தையல் உண்டா?

மனைவி: அன்னைக்குத்தான் ஜாஸ்தி.

பிசியோ: ஆனா அன்னைக்கு வலி ரெண்டு. அப்ப வேலை இல்ல காரணம்.

மனைவி: அது கெடக்கட்டும், உங்க கழுத்துல ஏன் டாக்டரம்மா பட்டை போட்டிருக்கீங்க?

பிசியோ: இதுவா... சும்மா. வர்றவங்களுக்குக் காட்ட.

கணவர்: பன்னெண்டு வாரமாவா காட்டுறீங்க?

பிசியோ: பேச்ச மாத்தாதீங்க. சாயந்தரம் என்ன பண்ணுவீங்க? கடை மூடினதும்?

கணவர்: பால்கனியில பேப்பர் படிப்பேன். தெருவ தாண்டினா வீடுதானே, சீக்கிரமே போயிடுவேன்.

பிசியோ: பேப்பர் எங்க இருக்கும்?

கணவர்: மடியில.

பிசியோ: நேரா?

கணவர்: நேரா.

பிசியோ: அப்ப தலை மட்டும் ஏன் இடப்பக்கம்?

கணவர்: ...காத்து அந்தப் பக்கத்துல இருந்து வரும்.

மனைவி: காத்தா? எந்தக் காத்து? ஆமா, எட்டு மாசமா ஒரே பக்கத்த வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் என்ன படிக்கிறீங்கன்னு நானும் கேக்கணும்னு இருந்தேன்.

பிசியோ: அக்கா, அந்த நேரம் நீங்க?

மனைவி: அடுப்படியில பாத்திரம் தேய்ப்பேன். ஜன்னலோரம்.

பிசியோ: தொட்டி நேரா. தலை?

மனைவி: ...வலப்பக்கம் கொஞ்சம்.

கணவர்: ஓஹோ. அதான் ஒரே தட்ட முக்கா மணி நேரம் தேய்க்கிறியா?

பிசியோ: இருங்க. பால்கனி வீட்டுக்கு வலது கோடியில. சரியா? அடுப்படி இடது கோடியில. அவர் இடப்பக்கம் திரும்புறாரு, நீங்க வலப்பக்கம். ரெண்டு கோடும் எதிர்ல ஒரே எடத்துல போய் முட்டும். எதிர் வீட்டுல என்ன இருக்கு?

கணவர்: பல் டாக்டர் இருக்காரு.

பிசியோ: அவர் வீட்டுல?

மனைவி: எங்க டிவி இருக்கு.

கணவர்: ஏய்...

பிசியோ: உங்க டிவியா?

மனைவி: எட்டு மாசத்துக்கு முன்னாடி ரிமோட்டுக்குப் பெரிய சண்ட. இனி இந்த வீட்டுல டிவியே வேணாம்னு தூக்கி அவருக்குக் குடுத்துட்டோம். யாரு முதல்ல மனசு மாறி டிவி பாக்குறாங்களோ, அவங்க ஆயுசுக்கும் சமையல்கட்டு வேலை பூரா செய்யணும்னு பந்தயம்.

பிசியோ: வலியும் எட்டு மாசம்.

கணவர்: தற்செயல் டாக்டரம்மா. நான் எதிர்வீட்டுப் பக்கம் பாக்குறதே இல்ல. இவ வேணா...

மனைவி: நானா? அந்த ஏழு மணி சீரியல் கண்றாவிய யாரு பாப்பா? மீசைக்காரனுக்கு ஆஸ்பத்திரியில நினைவு வந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியாது.

கணவர்: எப்படி வரும்? நேத்துதானே அந்தச் சிவப்புச் சட்டைக்காரி மருந்து பாட்டில மாத்தி வெச்சா.

மனைவி: மாத்தி வெச்சாளா? நேத்து பால் பொங்கிடுச்சேன்னு நான் திரும்பின நேரமா?

கணவர்: ஆமா. அப்ப நீயும்...

மனைவி: நீங்களும்தான். ஆனா அவ ஏன் மாத்தப் போறா? கூடப் பொறந்தவளாச்சே.

கணவர்: கூடப் பொறந்தவளா? அவன் பொண்டாட்டி அவ.

மனைவி: பால்கனிக்குத்தான் டிவி சத்தம் கேக்காதே, எப்படித் தெரியும்?

கணவர்: உனக்கு மட்டும் கேக்குதா? மூஞ்சிய பாத்தா தெரியாதா, கட்டினவள.

மனைவி: மூஞ்சிய பாத்தா தங்கச்சி. மூக்கு அப்படியே அவன் மூக்கு. நீங்க பால்கனியில இருந்து பாக்குறீங்க, உங்களுக்கு அவ மூஞ்சி கோணலாத்தான் தெரியும்.

கணவர்: உனக்குப் பாதித் திரைய ஜன்னல் கம்பி மறைக்குது, நீ மூக்க பத்திப் பேசுற. டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. உடம்ப திருப்பி உக்காந்து பாத்தா எங்க கழுத்து சரியாயிடுமில்ல?

பிசியோ: ரெண்டு வாரத்துல. முழுசா திரும்பி உக்காருங்க. கையால நீவுறதும் வேலை செய்யும், பயிற்சியும் வேலை செய்யும். காலையில நான் சரி பண்ணினத நீங்க ராத்திரிக்குள்ள கெடுத்திருக்கீங்க, அவ்வளவுதான்.

மனைவி: அப்ப உங்க அறிக்கை?

பிசியோ: காரணம் கெடச்சாச்சு. எழுதிடுவேன். கெளம்புங்க, மணி ஏழாகப் போகுது. நானும் மாடிக்குப் போகணும்.

கணவர்: இருங்க. முதல்ல யாரு பாத்ததுன்னு முடிவாகாம நான் போக மாட்டேன். பாத்திரம் யாரு தேய்க்கிறது?

மனைவி: அதுக்கு முன்னாடி அவ தங்கச்சியா பொண்டாட்டியான்னு முடிவாகணும்.

பிசியோ: ரெண்டும் இல்ல, அவ வக்கீல்... எங்க மூணாவது மாடி மாடிப்படி ஜன்னல்ல இருந்து பல் டாக்டர் வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தா அவ கையில இருக்குற உயில் பத்திரம் கூடத் தெரியும், என்ன, கழுத்துல இருந்துதான் இந்தப் பட்டைய கழட்ட முடியல.