லிங்கராஜ் அண்ணன் போட்ட வெட்டு

அவைத்தலைவர் செல்வமணி அவர்களே, சாலைக் கடைகளை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, என் வயரிங் தோழர்களே, ரோஜா மாலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காண்ட்ராக்டர் கிருஷ்ணகுமார் அவர்களே, எல்லோருக்கும் கலைச்செல்வியின் வணக்கம். கிருஷ்ணகுமாருக்கு மட்டும் இன்னொரு கும்பிடு. வராமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். வந்துவிட்டார். நல்லது.

திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து, இந்தத் திருவனந்தபுரத்தில் பாதிக் கடைகளுக்கு வெளிச்சம் கொடுத்தவர் நம் லிங்கராஜ் அண்ணன். இது இரங்கல் கூட்டம். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. மன்னிக்க வேண்டாம், கேட்டால் போதும்.

அண்ணன் எப்படி வேலை செய்வார்? முதலில் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "பலகையில வச்சா எவனாவது மாட்டிருவான். எம் பையில கை விட எவனுக்குத் தைரியம் உண்டு?" என்பார். அடுத்து டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் கட்டிங் பிளேயரை எடுப்பார். அதிலும் ஆயிரம் வோல்ட் முத்திரை இருக்க வேண்டும், கைப்பிடி உறையில் ஒரு கீறல் இருக்கக் கூடாது. நாங்களோ, கீறல் விட்டால் டேப்பைச் சுற்றி ஓட்டுகிற ஆட்கள். அதற்கு அவரிடம் வாங்காத ஏச்சு இல்லை. "ஏட்டி கலை, ஓட்டக் கொடத்துல துணியச் சுத்தினா தண்ணி நிக்குமா?"

கீறல் விட்ட பிளேயரை அவர் சும்மா தூக்கிப் போடவும் மாட்டார். ஹாக்சா பிளேடால் கைப்பிடியின் குறுக்கே இரண்டு வெட்டுப் போடுவார், உள்ளிருக்கும் இரும்பிலும் தடம் விழுகிற மாதிரி. வேறு யாரும் எடுத்துப் புழங்கிவிடக் கூடாது என்பதற்காக. அந்த வெட்டினால் உயிரோடு இருப்பவர்கள் இந்தக் கூடத்திலேயே எத்தனை பேர்?

போன மாதம் ஓட்டல் சமையல்கட்டில் பேனல் போர்டு வேலை. அடுப்பில் கல்யாணச் சமையல். அண்ணன் ஃபியூஸைக் கழற்றப் போனார். இந்தக் கிருஷ்ணகுமார் தடுத்தார். "ஃபியூஸ் ஊரண்டா லிங்கராஜே, சமையல் முடங்கும். புதிய இன்சுலேட்டட் பிளேயர் தந்நிட்டுண்டல்லோ, அதை வெச்சுச் செய்யி." நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தம் புது ஆரஞ்சு உறை, கீறல் இல்லை. நம்பினார்.

ஆவியில் கை நனைந்தது. உறை வழுக்கிக் கழன்றது. உள்ளே வெறும் இரும்பு.

அவர் விழுந்த பிறகு அந்த இரும்பை நான் பார்த்தேன். குறுக்கே இரண்டு வெட்டு. அண்ணன் வேண்டாமென்று தள்ளிய பிளேயரைப் பொறுக்கி எடுத்து, மலிவான உறையை மாட்டி, புதுசு என்று அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

போலீசில் கிருஷ்ணகுமார் என்ன சொன்னார்? "எனக்கு ஒண்ணும் அறியாது. ஸ்டோரில உள்ளதெல்லாம் புதிய சாமானாக்கும்." அண்ணன் மனைவி சுடலைமாடத்தி மதினியிடம் சமாதானம் பேச ஆளும் அனுப்பினார். மதினி அழவில்லை. "அவரு கையில குடுத்தத அவன் கையில குடுங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்," என்றார்.

மதினி, இப்போது பாருங்கள்.

அண்ணன் படத்துக்கு மேலே ஒரு பல்பு தொங்குகிறது. அதன் வயரை இணைக்காமல் விட்டிருக்கிறேன். இதோ, போன வாரம் கிருஷ்ணகுமாரின் ஸ்டோரில் எனக்குக் கொடுத்த பிளேயர். காண்ட்ராக்டர் அவர்களே, மேடைக்கு வாருங்கள். புதிய சாமான்தானே? இதைப் பிடித்து அந்த வயரை முறுக்கி, அண்ணனுக்கு உங்கள் கையால் விளக்கேற்றுங்கள்.

வாருங்கள்.

ஏன் எழுந்திருக்கவில்லை? அவையோரே, உங்களுக்கு இதில் என்ன தெரிகிறது? புது உறை. எனக்கும் அதுதான் தெரிகிறது, நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் மட்டும் எதைக் கண்டு பயப்படுகிறார்?

தோழர் தாணு, அந்தக் கத்தியைக் கொடு. இதோ உறையைக் கிழிக்கிறேன். இதோ இரும்பு. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் பாருங்கள். கோர்ட்டில் கேட்டால் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்.

அவர் எழுந்துவிட்டார். யாரும் கை வைக்காதீர்கள், வழி விடுங்கள். அடி வாங்கினால் இரண்டு நாளில் ஆறிவிடும். அவருக்கு அது போதாது. நாளைக் காலை போலீசைக் கூட்டிக்கொண்டு அவர் ஸ்டோருக்குப் போவோம், ஒவ்வொரு உறையையும் அவர்கள் முன்னால் உரிப்போம். இந்த ஊரில் எந்த வேலைத்தளத்தில் கெட்ட பிளேயர் கிடைத்தாலும் இனி அதில் நாம் போடுவோம் இரண்டு வெட்டு. அவர் கம்பி எண்ணுகிற வரை நான் ஓய மாட்டேன். லிங்கராஜ் அண்ணன் படத்தின் முன்னால் இது என் சத்தியம்.

கிருஷ்ணகுமார் அவர்களே, வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த வயரில் கரண்ட் இல்லை. நீங்கள் தைரியமாகத் தொட்டிருக்கலாம். நான் லிங்கராஜ் அண்ணனோடு வேலை செய்தவள். ஃபியூஸ் என் சட்டைப் பையில் இருக்கிறது.