வளைந்த துகள்

சத்தம் போட்டுப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் கூடத்தில் பம்புகள் ஓயாமல் இரைவதால் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் மட்டும் சுருக்கமாகப் பேசிப் பழகினேன்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. அணுக்கரு இணைவு உலையின் பிளாஸ்மாவைச் சூடாக்க, வெளியிலிருந்து அதிவேகத் துகள்களைச் செலுத்துகிறோம். உலையைச் சுற்றிக் காவல் நிற்கும் காந்தப்புலம், மின்னூட்டமுள்ள துகளை உள்ளே விடாது. ஆகவே உயரழுத்தத்தால் முடுக்கிய துகளை ஒரு வாயுக்குழாய் வழியே அனுப்பி, அதன் மின்னூட்டத்தை நீக்குகிறோம். நீங்கியது நேரே உள்ளே போகும். நீங்காததைக் காந்தம் வளைத்து ஒரு செப்புத்தட்டில் தள்ளும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் குப்பைத்தொட்டி.

தங்கையின் கணவரை அங்கே சேர்த்துவிட்டவன் நான். இந்தத் துகள்கற்றையைக் கவனிக்கும் பிரிவின் தலைமை எனக்கு வரும் என்று வீடே நம்பியிருந்தது, அவருக்குப் போயிற்று. அதற்காக அவர் வைத்த விருந்தில் தங்கை கேட்டாள்: "அண்ணனுக்கு ஏங்க கிடைக்கல?"

"மச்சான் வாயுக்குழாய்லயும் முறுக்கிக்கிட்டே போனா என்ன பண்றது? வளைச்சுக் குப்பைத்தொட்டியில போட்டுட்டாங்க."

தங்கைக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் ஆளைக் கொல்லும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அவை இருக்கும் கம்பிக் கூண்டுக்குள் நுழைந்தவர் கைவைக்குமுன், மறுபக்கம் நிற்பவர் எர்த் தடியை மாட்டி அதை நிலத்தில் இறக்கிவிட வேண்டும். இரைச்சலில் முழு வாக்கியம் கேட்காது என்பதால் எங்களுக்குள் ஒற்றைச் சொல்தான் வழக்கம்.

"மச்சான், ஆச்சா?" என்றார் மாப்பிள்ளை அன்று, கூண்டுக்குள்ளிருந்து.

தடி சுவரில் தொங்கியது. நான் அப்போதுதான் கையுறையை மாட்டி முடித்திருந்தேன்.

"ஆச்சு," என்றேன்.

எது ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. தலைவர் என்ற முறையில் கேட்டிருக்க வேண்டும். எழுவாய் இல்லாத சொல்லுக்கு அவராகவே ஓர் எழுவாயை ஊகித்துக்கொண்டார். அவர் அசைவு அடங்கிய பின் தடியை முறைப்படி மாட்டினேன். தூக்க வருகிறவர்களுக்கு ஆபத்து நேரக் கூடாதல்லவா?

சாகட்டும் என்று நினைத்தீர்களா என்கிறீர்கள். நினைத்தேன்.

மருத்துவமனை வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பற்றிக்கொண்டாள். "அண்ணே, அவருக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. தொட்டதுமே போயிட்டாரு."

அவர் உடனே போகவில்லை. நின்று பார்த்தவன் நான். இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், ஐயா. அதற்கு வேண்டுமானால் என்னைத் தண்டியுங்கள்.