மச்சினன் கையில் கயிறு

நாற்பத்திரண்டு வயதுக்குள் நான் ஒரே ஒரு தடவைதான் குடையை மறந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலோ ஐப்பசி மழையோ, கணபதியப்பன் சார் வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் குடை வரும். அதனால்தான் அந்த ஒரு தடவையைப் பற்றி நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தவறாக நினைக்க வேண்டாம். கடைசியில் ஒருவராவது கேட்டாரே என்ற நிம்மதிதான்.

நீங்கள் கேட்டு, நான் சொல்லி, ஏட்டையா எழுதி முடிக்க இரண்டு நாளாகும். நானே எழுதித் தந்துவிடுகிறேன். பூகோள வாத்தியாருக்குக் கையெழுத்து மோசமாக இருக்காது. சம்பவம் நடந்த தீவு மதராஸ் ராஜ்யம், நான் குடியிருக்கும் ஒழுகினசேரி திருவிதாங்கூர்-கொச்சி, கேஸ் எந்தப் பக்கம் போகும் என்று நீங்கள் உள்ளே குழம்பிக்கொண்டதும் காதில் விழுந்தது. வேண்டுமானால் எல்லையைப் போட்டு ஒரு படம் வரைந்து தருகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் தங்கை அழகியநாயகி, அவள் புருஷன் பூதலிங்கம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவைப்படவில்லை. நாயகி வைக்கிற உள்ளித் தீயலை ஒரு தடவை சாப்பிட்டால் நான் சொல்வது உங்களுக்கும் புரியும். சனிக்கிழமை விடியும்போதே எண்ணெய் காய்ச்சி வைத்துவிடுவாள். நான் வாய் திறப்பதற்குள் சுக்குக் காப்பி வந்துவிடும். பூதலிங்கமும் தங்கமான பையன். என் பள்ளிக்கூடத்திலேயே சயன்ஸ் வாத்தியார். தவளையையும் தட்டானையும் பாட்டிலில் போட்டு வைப்பதைத் தவிர அவனிடம் ஒரு குறை சொல்ல முடியாது. ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், ஒரு முகச்சுளிப்பு கிடையாது.

போன தை மாதம் அவனுக்கு பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மீன் இலாகாவில் வேலை. ஜூன் மாதம் போய்ச் சேர வேண்டும். நாயகியையும் கூட்டிக்கொண்டு போகிறானாம்.

அந்த வாரமே அவள் ஒரு இந்திப் புத்தகம் வாங்கிக்கொண்டாள். அடுக்களையில் நின்று பானி, நமக், சாவல் என்று சொல்லிச் சொல்லித் தனக்குத்தானே சிரித்தாள். பயத்தில் வருகிற சிரிப்பு அது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒருநாள், "அண்ணே, பம்பாயில தேங்கா கிட்டுமாண்ணு தெரியல்லியே" என்றாள். பச்சைப் பிள்ளை, முப்பது வயதில் அந்தக் கண்காணாத ஊரில் எப்படி இருப்பாள்?

சண்டை போடுகிற ஆள் நான் இல்லை. போவதற்கு முன்னால் மூன்று பேருமாக எங்காவது போய்விட்டு வருவோம் என்றேன். பூதலிங்கம் துள்ளிக் குதித்தான். "பவளப் பாறைய படத்துல காட்டியே பாடம் நடத்துகேன், அத்தான். ஒருக்கா முங்கிப் பாத்துரணும்" என்றான். அவன் ஆசை அது. நான் வழி செய்து கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குளச்சலுக்கு பஸ் ஏறினேன். அங்கே கிளீட்டஸ் என்று ஒருவன். பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவன். வருஷத்தில் நாலு மாதம் தூத்துக்குடிக்குச் சங்கு குளிக்கவும் போவான். அந்தப் பக்கத்துத் தீவுகளெல்லாம் அவனுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. மீன் ஏலம் முடிந்த மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். எப்போது கடல் தெளிந்து கிடக்கும், எங்கே தங்கலாம், கல்லைக் கட்டி எப்படி இறங்குகிறார்கள், எப்படி மேலே இழுக்கிறார்கள். கயிறு யார் பிடிப்பது என்று கேட்டேன்.

"முங்குகவனுக்க கயித்த மச்சினன்தான் பிடிக்கணும், சாரே. அங்கத்த வழக்கம் அது. கூடப்பொறந்த அண்ணனக்கூட நம்பமாட்டானுவ. மச்சினனுக்குத்தான் தங்கச்சி தாலி மேல கரிசனம் உண்டும், பாத்துக்கிடுங்க."

"அப்பம் நான் பிடிக்கலாம்?"

"நீங்க பிடிச்சா நான் எதுக்கு? போய்க் கெடந்து ஒறங்கலாமே" என்று சிரித்தான்.

அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே அசை போட்டுக்கொண்டு வந்தேன். வழக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும். யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியதில்லை.

பிறகு நான் போட்ட திட்டத்தைப் பார்த்தால் நீங்களே மெச்சுவீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று நிறைந்துவிட்டது. சித்திரைக் கடைசியில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், வைகாசி பிறந்து காற்று திரும்பினால் கலங்கிவிடும். ஆகவே சித்திரை. திருநெல்வேலி வரை பஸ், தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து கிளீட்டஸின் சொந்தக்காரர் வள்ளம், ஓட்ட கிளீட்டஸே கூட வருவான். எடுத்துப் போக வேண்டியவை: புளிச்சோறு, சம்மந்திப் பொடி, நேந்திரங்காய் வற்றல், குடிதண்ணீருக்கு இரண்டு மண்பானை, தலைவலித் தைலம், லாந்தர், நாயகிக்குச் சிப்பி பொறுக்க ஒரு ஓலைப்பெட்டி, வடசேரியில் வாங்கிய ஒரு துணிப் பொட்டலம், குடை.

அந்த இரண்டு மாதமும் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. கிணற்றடியில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து பூதலிங்கம் தலையை முக்கி மூச்சை அடக்குவான். நாயகி எண்ணுவாள். ஐம்பதுக்கு மேல் அவனால் முடியாது. முகம் சிவந்து எழும்பி வந்து, "இண்ணைக்கு எத்தன?" என்பான். "நூறு" என்று அவள் பொய் சொல்லுவாள். ஐம்பது என்று நான் நோட்டில் சரியாகக் குறித்து வைத்துக்கொண்டேன்.

தீவில் முதல் இரண்டு நாள். அதைப் பற்றி எழுதும்போது எனக்கு இப்போதும் மனசு லேசாகிறது. சங்கு குளிக்கிறவர்கள் விட்டுப்போன ஒரு ஓலைக் குடிசையில் தங்கினோம். மணலில் ஆமை ஏறிப் போன தடத்தைப் பார்த்துக்கொண்டே தீவைச் சுற்றி வந்தோம். நாயகி தன் நீலச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். நட்சத்திர மீனைக் கையில் எடுத்துவிட்டு வீல் என்று கத்தினாள். பூதலிங்கம் ஒவ்வொரு கிளிஞ்சலுக்கும் ஒரு லத்தீன் பெயர் சொன்னான். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நல்ல இரண்டு நாள் என் வாழ்க்கையில் கிடையாது. மூன்று பேரும் அங்கேயே இருந்துவிடலாம் போல் இருந்தது. ஆனால் ஜூன் மாதம் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை நானும் பூதலிங்கமும் கிளீட்டஸும் வள்ளத்தில் ஏறினோம். நாயகி கரையில் நின்றாள். "அண்ணனுக்க கையில கயிறு இருக்கச்சில எனக்கு என்ன பயம்? நல்லா பாத்துட்டு வாங்க" என்று அவனிடம் சொன்னாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள்.

மூன்று பாகம், அதாவது பதினெட்டடி ஆழத்தில் வள்ளத்தை நிறுத்தினோம். சங்கு குளிக்கிறவர்கள் கல்லில் கால் வைத்து இறங்கி, அடியில் போனதும் கல்லை விட்டுவிடுவார்கள். எனக்கு அது வீண் சிரமமாகப் பட்டது. கல்லை இடுப்பில் கட்டிவிட்டால் மிதந்து மேலே வராது, இரண்டு கையும் ஒழியும், நிதானமாகப் பவளத்தைப் பார்க்கலாம் என்று பூதலிங்கத்துக்கு எடுத்துச் சொன்னேன். அவன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். முடிச்சை நானே போட்டேன். பகல் வெளிச்சத்தில் எனக்கே அவிழ்க்க இரண்டு நிமிஷம் பிடிக்கும்.

கிளீட்டஸ் அப்போது வள்ளத்தில் இருந்திருந்தால் அந்த முடிச்சைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பான். முடிச்சுப் போடுவதற்குச் சற்று முன்னால்தான் குடையை மறந்தது எனக்கு நினைவு வந்தது. தலை வெடிக்கிறது, குடிசையில் இருக்கிறது என்றேன். வள்ளத்தின் பின்னால் கட்டியிருந்த சின்னக் கட்டுமரத்தை அவிழ்த்துக்கொண்டு அவன் கரைக்குப் போனான். போகும்போதும், "மச்சினன் உண்டுல்லா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நான் கயிற்றை விட்டுவிட்டதாக உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். நான் விடவே இல்லை. இரண்டு கையாலும் கடைசிவரை பிடித்திருந்தேன். இழுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு தடவை சுண்டினால் தூக்க வேண்டும் என்பது பேச்சு. நாற்பத்தெட்டு எண்ணும்போது சுண்டினான். அண்டாவில் பழகியது வீண் போகவில்லை. அதற்குப் பிறகு ஒழுங்கில்லாமல் ஒன்பது தடவை. பிறகு கயிறு அமைதியாகிவிட்டது. இருநூறு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணுவது அனாவசியம் என்று தோன்றியதால், கூப்பாடு போட்டேன்.

கரையிலிருந்து திரும்பி வந்த கிளீட்டஸ் பாய்ந்து முங்கி அவனை எடுத்து வந்தான். "குடைக்குப் போனேனே, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தூத்துக்குடிப் போலீஸ்காரர்கள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். கயிறு யார் கையில் இருந்தது என்று கேட்டார்கள். மச்சினன் என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள். ஒருவர் என் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தார். என் கணக்கில் ஒரு இடம்கூடப் பிசகவில்லை.

பிசகியது அன்பில்தான். கடற்கரையில் கிளீட்டஸின் சொந்தக்காரர் வீட்டில் பூதலிங்கத்தைக் கிடத்தியிருந்தோம். ஊருக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை, அங்கேயே எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். புருஷன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டு வர வேண்டிய வெள்ளைச் சேலை. உங்கள் வீட்டிலும் உண்டு, தெரியாததல்ல. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் அடைப்பு. தெரியாத ஊரில் வெள்ளைக்கு எங்கே போவது என்று பெண்கள் கையைப் பிசைந்தார்கள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நாயகி அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, இத எப்பம் வாங்கினிய?"

தங்கையிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "மாசியில, மக்கா. வடசேரியில. கடைசி நேரத்துல ஒனக்கு ஒரு கொறை வந்திரப்பிடாதுல்லா" என்றேன்.

அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. ஊருக்கு வந்து சேர்ந்ததும் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள், அதே நீலச் சேலையில். சின்னப் பிள்ளையிலேயே அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். இரண்டு நாளில் தணிந்துவிடும்.

ஆக, பூதலிங்கத்தைக் கொன்றது நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம். அந்த வெள்ளைச் சேலை உங்கள் மேஜையில் சாட்சியமாகக் கிடக்கிறது. நல்ல கைத்தறி. வேலை முடிந்ததும் அவளிடமே கொடுத்துவிடுங்கள், வாங்கிய நாளிலிருந்து மடிப்புக் கலையவில்லை.

இன்று சனிக்கிழமை. எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு வருவாள். போன சனியும் அதற்கு முந்தின சனியும் மழை பிடித்துக்கொண்டதால்தான் வரவில்லை. ஒழுகினசேரிப் பக்கம் போகிற போலீஸ்காரர் யாராவது இருந்தால், குடை கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது என்று அவளிடம் சொல்லச் சொல்லுங்கள்.