மலர்விழியின் மாத்திரை டப்பா

ஜோதி மேடம் அவர்களுக்கு, குமாரபாளையம் தீனதயாளன் எழுதுவது.

ஆஸ்பத்திரியில் உங்கள் அறைச் சுவரில் இருக்கும் எச்.ஐ.வி. வைரஸ் படம் நன்றாக இருக்கிறது. மாதா மாதம் மாத்திரைக்கு வரும்போது பார்த்து, என் நோட்டில் வரைந்து பாகம் குறித்து வைத்திருக்கிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன். எதையும் படம் போட்டால்தான் மனதில் நிற்கும்.

நீங்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, பாருங்கள். வைரஸ் உருண்டையாக இருக்கும். மேலே கொழுப்பினால் ஒரு போர்வை. அது அதனுடையது அல்ல, கடைசியாக விட்டுவந்த உடம்பு அணுவிலிருந்து போர்த்திக்கொண்டு வந்தது. போர்வையில் முளை முளையாக நிற்பவை, நம் வெள்ளையணுவில் சிடி4 என்கிற பிடியைத் தேடிப் பற்றும். பக்கத்தில் இன்னொரு பிடியும் கிடைத்தால் போர்வையும் அணுவின் தோலும் ஒட்டிக்கொள்ளும், வைரஸுக்குள் இருக்கும் கூம்பு அணுவுக்குள் இறங்கும். அதில் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள். அவற்றை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, நம் அணுவின் உட்கருவில் சேர்த்துவிடும். அப்புறம் அணு அதைத் தன் சொந்த எழுத்து என்றே நம்பி வாசிக்கும். கேட்டதையெல்லாம் செய்துகொடுக்கும். அதில் சண்டை எதுவும் இல்லை.

மலர்விழியை உங்கள் அறை வாசலில், மாத்திரைக்குக் காத்திருக்கும் பெஞ்சில்தான் பார்த்தேன். அவளுக்கு லாரி ஓட்டிச் செத்துப்போன புருஷனால் வந்தது. எனக்கு, ரிக் வண்டியோடு வடநாட்டில் போர்வெல் போட்டுத் திரிந்த பத்து வருஷத்தில். நோய் இருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருக்கட்டும் என்று நீங்களே பேசி முடித்த கல்யாணம். அன்றைக்கு அவள் சிரித்தது ஞாபகம் இருக்கும்.

“ஏனுங்க மேடம், ஆளுக்கு முந்தி எங்க பூச்சிங்க ரெண்டும் கண்ணாலம் கட்டிக்கும் போலிருக்குதுங்க.”

இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, காலை எட்டு மணி. ஆறு வருஷம் ஒரே சொம்புத் தண்ணீரில் விழுங்கினோம். அதற்கு முன் எனக்காக எட்டு மணிக்கு யாரும் காத்திருந்ததில்லை.

போன தை மாதம் அவள் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டதாக நீங்கள் சொன்னீர்கள். பஸ்ஸில் வரும்போதே அவள் பேச்சை எடுத்தாள்.

“நாம நோவுக்காகக் கட்டிக்கிட்டவங்க தானுங்க. நோவு அடங்கிருச்சு. அக்கா மவ மோனிஷா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குக் கூப்புடறா. ஆடி கழிச்சுப் போறனுங்க. கோவிச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை.

சில அணுக்களில் வைரஸ் தூங்கிக்கொண்டிருக்கும், மாத்திரையை நிறுத்தினால் எழுந்துவிடும் என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். கொஞ்சம் எழுந்தால் போதும், அவள் ஊரிலேயே இருப்பாள், பிறகு பழையபடி மாத்திரையை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் தறிக்குப் போன பிறகு அவள் டப்பாவைக் காலி செய்து, அதே நீளம், அதே வெள்ளையில் கால்சியம் மாத்திரையை நிரப்பினேன். எடுத்ததைக் காவிரிப் பாலத்திலிருந்து போட்டேன்.

“இந்த மாசம் மாத்திரை தொண்டையில சிக்குதுங்க. கவுருமெண்டு சைசை மாத்திருச்சா?”

“கம்பெனி மாறியிருக்கும். தண்ணி நெறையக் குடி.”

குடித்தாள்.

மீதி மாத்திரையை எண்ணிப் பார்ப்பது உங்கள் வழக்கம். அதற்காக ஒவ்வொரு மாதமும் நிஜ மாத்திரை மூன்றை எடுத்து வைத்து, உங்களிடம் வரும் நாளில் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். உங்கள் கணக்கு ஒருநாளும் பிசகவில்லை. “ஒருநாள்கூட விடாம சாப்பிடறா, பாத்துக் கத்துக்குங்க” என்று மற்றவர்களிடம் அவளைக் காட்டினீர்கள். அவளுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

ஆனியில் இருமல் வந்தது, பிறகு காய்ச்சல். திருப்பூர்ப் பேச்சு நின்றது. அப்போது மாத்திரையை மாற்றி வைத்திருக்க வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். அவள் என் தோளில் சாய்ந்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டிபி மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மருந்துக்கு வைரஸ் பழகிப்போய்விட்டது என்று டாக்டர் எழுதினார். இப்போது உங்கள் பெஞ்சில், மலர்விழிக்கே கேட்காத மாத்திரை நமக்கு எப்படிக் கேட்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். அவர்களில் சின்னுசாமி மாத்திரையை நிறுத்தியேவிட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மாத்திரை தோற்கவில்லை. அது அவள் வாய்க்குப் போகவே இல்லை. இதை எல்லாருக்கும் படித்துக்காட்டுங்கள். போலீஸில் கொடுப்பதானாலும் கொடுங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன்.

கடைசி இருபது நாளும் நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன். நினைவு இருந்த ஒரு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லீன்னா என்னைய ஆருங்க பாத்திருப்பாங்க?” என்றாள்.

நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஆனால் அவளைத் தனியாக விடவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.