பதினாறு கண் பெட்டி

— இன்னொரு தடவ நடங்க, அண்ணி.

— விளையாடறியா தம்பி? வெளில அத்தன விருந்தாளிங்க உக்காந்திருக்காங்க. உன்னக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லி உங்க அண்ணன் அனுப்பினா, நீ என்னைப் பரேடு விடற.

— ஒரே ஒரு தடவ. அந்த மஞ்சக் கோட்டுலேர்ந்து ஆள் பொம்மை வரைக்கும். சும்மா, கடைக்குப் போறாப்ல நடங்க.

— சரி, இந்தா நடக்கறேன். நடந்துட்டேன். போதுமா? ஏன் வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்க?

— அண்ணி, பெட்டியோட திரைல நீங்க இல்ல.

— இல்லன்னா?

— இல்ல. பொம்மை இருக்கு. சுவர் இருக்கு. நீங்க மாட்டி வச்ச குடைகூட இருக்கு, அதோட கம்பி வரைக்கும் தெரியுது. உங்கள மட்டும் காணோம்.

— நல்லாப் பாருப்பா. இவ்வளவு பெரிய ஆளு எங்க போவேன்? நான் என்ன குண்டூசியா?

— அப்படியே நில்லுங்க. அசையாதீங்க... ஐயோ.

— என்ன ஐயோ?

— இப்ப வந்துட்டீங்க. முழுசா. கைய இடுப்புல வச்சிருக்கீங்க, அதுகூடத் தெரியுது. இப்ப நடங்க... போச்சு. மறுபடி காணோம்.

— என்னப்பா இது, கண்ணாமூச்சியா?

— அந்தப் பொம்மைய இழுங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தரதரன்னு இழுங்க.

— இழுக்கறேன். கனக்குது, சனியன். என்ன, இது தெரியுதா?

— அதுவும் போச்சு. நீங்களும் இல்ல, பொம்மையும் இல்ல. வெறும் தரை.

— இந்தா பாரு, புரியறாப்ல சொல்லு. சோதனைக் கூடத்துக்குத்தான் நான் பொறுப்பு, உன் கணக்கெல்லாம் எனக்கு வராது.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அதாவது... ஆளில்லாத வண்டிக்கு வழி பாக்கற பெட்டி இருக்கே, பழசுல அறுபத்திநாலு கண்ணு. லேசர் வெளிச்சம் போய், இடிச்சுத் திரும்பி வரும். படத்துல அறுபத்திநாலு கோடு, கோட்டுக்கு ஒரு கண்ணு காத்துட்டிருக்கும்.

— அது தெரியும். அந்தக் கண்ணுதான் விலை ஜாஸ்தி, கொறை கொறைன்னு உங்க அண்ணன் உன் உயிர எடுத்தார். நீ பதினாறாக்கின. ஆனா படம் கொஞ்சங்கூட மங்கல. பொம்மையோட விரல எண்ணலாம்னு சொல்லி எல்லாரும் உனக்குக் கை குடுத்தாங்க. நான்கூட வீட்டுல பெருமையடிச்சுக்கிட்டேன்.

— நாலு வீட்டுக்கு ஒரு காவலாளிங்கற மாதிரி, அண்ணி. ஒரே கண்ணு நாலு கோட்ட மாத்தி மாத்திப் பாக்கும். வெளிச்சமும் அதே வரிசைல மாறி மாறி அடிக்கும். நாலு சுத்து முடிஞ்சா ஒரு முழுப் படம்.

— சரி. அதுல என்ன தப்பு?

— அதுல தப்பில்ல. தூசி, மழைத்துளி, பூச்சி, இதெல்லாம் ஒரு சுத்துல வரும், அடுத்த சுத்துல இருக்காது. அதுக்காக ஒரு சல்லடை போட்டேன். நாலு சுத்தும் ஒத்துப் போனாதான் உண்மை. ஒத்துப் போகலன்னா குப்பை, தூக்கிப் போடுன்னு.

— நடக்கறவங்க?

— ஒவ்வொரு சுத்துக்கும் ஒவ்வொரு இடத்துல இருப்பாங்க.

— அப்ப நான் குப்பையா?

— அந்தப் பெட்டிக்கு... ஆமா அண்ணி.

— அடப்பாவி! அத்தன மாசம் சோதிச்சோமே! வண்டில மாட்டி, ஓட விட்டே சோதிச்சோமே! ஒரு தடவகூட இடிக்கலயே!

— வண்டி ஓடின தூரத்த, சக்கரம் சுத்தினத வச்சுக் கழிச்சுடுவேன், அதனால பொம்மை நின்ன இடத்துலயே தெரியும். பொம்மை எப்பவும் நின்னுட்டுதானே இருந்துது? பொம்மைய வைப்போம், வெளில வருவோம், கதவச் சாத்துவோம், அப்புறம்தான் வெளிச்சத்தப் போடுவோம். கயித்துல கட்டி இழுக்கற மாதிரி ஒரு பொம்மை வேணும்னு கேட்டேன். பாத்துக்கலாம்னார் அண்ணன். நானும் அப்படியே விட்டுட்டேன்.

— அது என் சட்டம்.

— நான் அதச் சொல்லல அண்ணி.

— என் சட்டம்ப்பா. வெளிச்சம் எரியறப்ப ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டினதே நான்தான். கதவத் திறந்தாலே வெளிச்சம் அணையற மாதிரி பூட்டு போட்டதும் நான்தான். லேசர் யார் கண்ணையாவது கெடுத்துடுமோன்னு பயந்து பண்ணேன். இன்னிக்கு அந்தப் பூட்டு மக்கர் பண்ணி, வெளிச்சம் அணையாம போகலன்னா...

— நடமாடற எதையும் இந்தப் பெட்டிக்கு நாம காட்டினதேயில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவ.

— தம்பி.

— ம்.

— வெளில உங்க அண்ணன் என்ன பண்ணப் போறார்?

— ஓடற வண்டிக்குக் குறுக்க நடக்கப் போறார். வண்டி வாங்க வந்த ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடி.

— ஐயையோ! போன் போடு. போடுப்பா!

— அடிக்குது. எடுக்கல.

— வண்டிய நிறுத்தற ரிமோட்டு?

— அது அண்ணன் சட்டைப் பைல.

— மறுபடி போடு. நான் ஓடவா? அந்தக் கோடிக்கு நான் போய்ச் சேரறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுமே! அந்த வண்டி என்ன கனம் இருக்கும்?

— துணி மூட்டையெல்லாம் ஏத்தியிருக்காங்க. நிஜமா ஆஸ்பத்திரில ஓடற மாதிரியே காட்டணும்னு கேட்டாங்களாம். நாலு பேர் தள்ளினாலும் அசையாது.

— என் தலைல கல்லப் போடாதப்பா. எடுங்க... எடுத்துத் தொலையுங்களேன்! இந்த மனுஷன் எப்பவும் போன சத்தமில்லாம வச்சுப்பார். ஸ்பீக்கர்ல போடு, எனக்கும் கேக்கட்டும்.

— எடுத்துட்டார்! அண்ணா! அண்ணா, வண்டி முன்னாடி போகாதீங்க!

— போகாதேன்னா? போய்ட்டே வந்தாச்சு ராஜா! கைதட்டல் அங்க கேக்கலயா?

— வண்டி... நின்னுச்சா?

— நின்னுச்சாவா கேக்கற? எனக்கு ரெண்டடி முன்னாடி, சொன்ன பேச்சு கேக்கற புள்ளையாட்டம் நின்னுச்சு. திரும்ப நடந்தேன், திரும்பவும் நின்னுச்சு. அந்தப் பெரிய டாக்டரம்மா எழுந்து நின்னு கை தட்டறாங்க. இதெல்லாம் உனக்குச் சேர வேண்டியதுடா, நீ அங்க என்ன பண்ற?

— நின்னிருக்க முடியாது அண்ணா. பதினாறு கண்ணால நடக்கறவங்களப் பாக்க முடியாது. இப்பதான் கண்டுபிடிச்சேன்.

— அட, அதுவா.

— அதுவாவா?

— எனக்குத் தெரியும் ராஜா. கொஞ்ச நாள் முன்னாடி முற்றத்துல ஓட்டிப் பாத்தேன். வாட்ச்மேன் குறுக்க போனான். திரைல ஆளக் காணோம். வண்டி அவன் செருப்பப் பிச்சுட்டுப் போச்சு. புதுசு ஒரு ஜோடி வாங்கிக் குடுத்து வாயடைச்சேன்.

— தெரிஞ்சுமா குறுக்க நடந்தீங்க?

— எனக்கென்ன பைத்தியமா? இன்னிக்கு ஓடினதுல பழைய பெட்டி. அறுபத்திநாலு கண்ணு. மூடி மட்டும்தான் புதுசு. எனக்கும் குடும்பம் குட்டின்னு இருக்குல்ல?

— இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பற மத்த ஆறு வண்டில?

— அதுல எல்லாம் உன் பதினாறுதான். அதத்தான வித்திருக்கோம்.

— ஏன் எங்கிட்ட சொல்லல? நான் உங்க தம்பி அண்ணா. கேட்டிருந்தா சோறு தண்ணி இல்லாம உக்காந்து சரி பண்ணியிருப்பேனே.

— அதான் சொல்லல. சரியாகற வரைக்கும் விக்கலாம்னு நீ கையெழுத்துப் போட மாட்ட. உன்னத் தூக்கி வளத்தவன், எனக்குத் தெரியாதா உன்ன? இப்ப என்ன? அது பாட்டுக்கு ஓடட்டும். நீ பொறுமையா சரி பண்ணு, அப்புறம் மாத்திக்கலாம்.

— அங்க நோயாளிங்க நடப்பாங்க அண்ணா.

— மெதுவாத்தானேடா நடப்பாங்க.

— அண்ணா!

— கத்தாத, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க. உங்க அண்ணி காதுல மட்டும் போட்டுடாத, அவ குய்யோ முறையோன்னு ஊரக் கூட்டிடுவா. ஆறு வண்டியும் இப்பக் கிளம்பி, உங்க கூடத்து வாசல் வழியா, தானாவே போய் லாரில ஏறப் போகுது. எல்லாரும் படம் பிடிக்கத் தயாரா நிக்கறாங்க. மூஞ்சியக் கழுவிட்டு வா.

— என்னங்க.

— ...நீயா? நீ இன்னும் அங்கயா இருக்க?

— உங்களுக்கு ஒன்னும் ஆகலன்னு கேட்டதும் அழுதுட்டேங்க. இங்கயே தரைல உக்காந்து, வாயப் பொத்திக்கிட்டு. உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துது. அதுக்கப்புறம் நீங்க பேசினதையும் கேட்டேன்.

— அதான் எனக்கு ஒன்னும் ஆகலயேம்மா. கண்ணத் தொடச்சுக்கோ.

— ரிமோட் உங்க பைலதானே இருக்கு? ஆறையும் நிறுத்துங்க.

— முடியாதும்மா. டாக்டரம்மா பக்கத்துலயே நிக்கறாங்க. வண்டிங்களும் கிளம்பியாச்சு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.

— நிறுத்த மாட்டீங்க?

— வீட்டுல பேசிக்கலாம்ங்கறேன்ல?

— சரி. தம்பி, வழிய விடு. போன நான் எடுத்துட்டுப் போறேன்.

— அண்ணி, வேண்டாம். வாசலுக்குப் போகாதீங்க. அண்ணி!

— டேய், அவ எங்கடா போறா? பிடிடா அவள!

— வாசல்ல இருக்கேங்க. நீங்க நிக்கறது தெரியுது. முதல் வண்டியும் தெரியுது. இப்ப நான் குறுக்க நடக்கப் போறேன். அதுங்களுக்கு நான் தெரிய மாட்டேன். உங்களுக்காவது தெரியறேனா பாக்கலாம்.