ஏழாம் வரிசைக்கு மின்சாரம்

கண்காட்சிக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பதுதான் அதிகம். இது என் அனுபவம். கார்பெட் சுருக்கமில்லாமல் இருந்தால் நிர்வாகம் ஒழுங்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகம் சுளிப்பார்கள். நானும் அப்படித்தான். இந்த அறைக்குள் நுழையும்போதே உங்கள் மேசைக்கடியில் ஓர் ஓடு பெயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி.

எங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது ஏதோ கொடுமை போலத் தோன்றும்.

பெரிய வணிகக் கண்காட்சி ஒன்று ஊருக்குள் வந்தால் டாக்சிக்காரர், அச்சகக்காரர், மொழிபெயர்ப்பாளர், மேசை நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் என்று எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியும். எங்கள் ஊருக்கு அதற்கான வாய்ப்பு நிறையவே இருக்கிறது. விமான நிலையம் பெரிதாகிவிட்டது. சுற்றிலும் தொழிற்சாலைகள். ஆனால் முட்டுக்கட்டைகளுக்கும் குறைவில்லை. பகலில் லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். கண்காட்சி என்ற சொல் காதில் விழுந்ததுமே ஓட்டல்காரர்கள் அறை வாடகையை ஏற்றிவிடுவார்கள். எங்களிடம் இருக்கிற மூன்று அரங்குகளில் இரண்டில் நட்டநடுவே தூண்கள். நகரசபையில் பாதிப் பேருக்கு எங்கள் கண்காட்சி வளாகம் கல்யாண வரவேற்பு நடத்த வசதியான கூடம், அவ்வளவுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் தூணே இல்லாமல் நான்கு அரங்குகள் கட்டி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வளாகத்தின் பொது மேலாளர். அந்தச் சிரிப்பு எப்படிச் சுட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் ஓர் உலக இயந்திரக் கண்காட்சி நிரந்தரமாகத் தங்க ஊர் தேடியது. கடைசிச் சுற்றில் பக்கத்து ஊரும் நாங்களும் மட்டும். நாங்கள் நடத்துகிற சின்ன இயந்திரக் கண்காட்சிக்கு ஸ்டால்கள் எழும்பிக்கொண்டிருந்த நாளில் ஆய்வுக் குழு வருவதாக ஏற்பாடு. பிற்பகல் வருவதாகச் சொன்னவர்கள், விமானம் மாறிவிட்டது, நேரே அங்கேதான் வருகிறோம் என்று காலையிலேயே போன் செய்தார்கள்.

அப்போது மூன்றாம் அரங்கின் நடுப்பாதையில் கேபிள் பள்ளம் ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே என் மனைவியின் தம்பி வேலை செய்துகொண்டிருந்தான்.

எலெக்ட்ரீஷியன் அவன். சட்டென்று கோபம் வரும், அதனால் எல்லாருக்கும் அவன் பியூஸ். அவனே தன் ஹெல்மெட்டின் பின்பக்கம் சிவப்புப் பெயின்டில் அந்தப் பேரை எழுதி வைத்திருந்தான். வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். "அக்கா புருஷன் தயவுல வந்தவன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது மாமா" என்பான். மற்றவர்கள் தட்டிக்கழிக்கிற வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வான். அவன்மேல் எனக்கு உண்மையாகவே பாசம் உண்டு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் அரங்குகளின் தரைக்கடியில் இந்தப் பள்ளங்கள் ஓடுகின்றன. தவழ்ந்து போகலாம், நிமிர முடியாது. மேலே இரும்பு மூடி. மூடிச் சாவியைத் திருகிவிட்டால் வெளியிலிருந்துதான் திறக்கலாம். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இறங்குகிறவன் அந்த வரிசைக்கான மின்சாரத்தை நிறுத்தி, அந்த சுவிட்சின் மேலேயே தன் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு இறங்குவான். அது அங்கே தொங்குகிற வரை மூடியை மூடக் கூடாது, மின்சாரம் விடக் கூடாது. ஹெல்மெட்டை எடுக்கிற உரிமை, மாட்டியவனுக்கு மட்டும்தான். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். நல்ல வழக்கம்.

நான் பள்ளத்தின் ஓரம் குந்தி அவனைக் கூப்பிட்டேன்.

"மேல ஏறு. கமிட்டி இப்பவே வருதாம்."

"கேபிள் முனையெல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கேன் மாமா. இப்ப விட்டா மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். மத்த ஹாலைக் காட்டிட்டு வாங்களேன், அதுக்குள்ள முடிச்சிடறேன்."

மற்ற அரங்குகள் என்றால் தூண்கள். முதலில் அதையா காட்டுவது? எனக்கு எரிச்சலாக வந்தது. தடுப்புக் கம்பிகளை ஓரங்கட்டினேன். மூடியை நானே மூடிச் சாவியைத் திருகினேன், வேறு யாரையும் இதில் இழுத்துவிட எனக்கு விருப்பமில்லை. அவன் கையில் விளக்கு இருந்தது, மூச்சுவிடக் காற்றும் இருந்தது. சிறிது நேரம்தானே என்று நினைத்தேன். பிறகு ஆட்களைக் கூப்பிட்டுக் கார்பெட் விரிக்கச் சொன்னேன். அழகாக விரித்தார்கள்.

குழுவின் தலைவி எதையும் கையால் தொட்டுப் பார்க்கிற பெண்மணி. அவசர வழிக் கதவுகளைத் தானே தள்ளித் திறந்தார். தீயணைப்புக் குழாய்களைத் திருகிப் பார்த்தார். நடுப்பாதைக்கு வந்தபோது காலுக்கடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் நின்றார். அது என்ன என்று கேட்டார். ஏர் கம்ப்ரசர் என்றேன். அவர் கார்பெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் விட்டுவிட்டு வந்தது. பழைய கம்ப்ரசரை மாற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒலிபெருக்கியில் ஓடிய இசையைக் கூட்டி வைக்கும்படி நான் ஆளனுப்பினேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மின்சாரம் ஏற்ற இறக்கம் இல்லாமல் வருகிறதா என்று பார்க்க, ஏழாம் வரிசையில் நின்ற பெரிய கடைசல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். பக்கத்து ஊரில் கேட்டவுடனே ஓட்டிக் காட்டினார்களாம். பியூஸ் வேலை செய்துகொண்டிருந்தது அந்த ஏழாம் வரிசைக் கேபிளில்தான்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். பள்ளத்துக்குள் ஆளை வைத்து மூடி, அதன்மேல் உங்களை நடத்திக் கூட்டிவந்தேன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு ஒரு புத்தகக் கண்காட்சிகூட வராது.

மின்பலகைக்கு நானே போனேன். ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஹெல்மெட் தொங்குது சார். பியூஸ் உள்ளதான் இருக்கான்."

"அவன் அப்பவே ஏறி டீ குடிக்கப் போயிட்டான். மறந்துட்டுப் போயிருக்கான்."

"இதை மறக்கிற ஆள் இல்லையே சார் அவன்."

"எம் மச்சானைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

குடும்பத்து ஆள் சொன்ன பிறகு அவர் என்ன பேச முடியும்? ஒதுங்கிக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். வைக்க இடமில்லாமல் என் தலையிலேயே மாட்டிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மின்பலகைக்குப் போகிற வழியில் நடுப்பாதையில் கொஞ்சம் நின்றேன். தட்டல் ஓய்ந்திருந்தது. மூடியைத் தட்டுகிறவன் கேபிளை விட்டு விலகியிருப்பான். தட்டல் நின்றால் வேலைக்குத் திரும்பிவிட்டான் என்றுதான் பொருள். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவன் அல்ல அவன். இவ்வளவும் அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரியாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் ஒருமுறை மங்கி, மறுபடி எரிந்தன. கேபிள் முனைகளை அவன் இணைத்துவிட்டிருக்க வேண்டும், இயந்திரம் ஓடத் தொடங்கியது. தலைவி தலையை ஆட்டிவிட்டு எனக்குக் கைகொடுத்தார். நீங்கள் பெரிதாக்கி மாட்டியிருக்கிற புகைப்படம் அப்போது எடுத்ததுதான். அவரோடு கைகுலுக்குகிறவனின் பின்மண்டையில் பியூஸ் என்று எழுதியிருக்கிறதே, அது நான்தான்.

குழு கிளம்பிய பிறகு கார்பெட்டைச் சுருட்டச் சொன்னேன். அவனைத் தூக்கி வெளியே கிடத்தினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை, அது நடிப்பு அல்ல. பிறகு, விதியை மீறிச் சுவிட்சில் ஹெல்மெட்டை மாட்டாமல் இறங்கியதால் விபத்து என்று அறிக்கை கொடுத்தேன். போனவனுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, வளாகத்தின் பேர் தப்பித்தது. கண்காட்சி எங்களுக்கே கிடைத்தது. ஆபரேட்டர் மனசு கேட்காமல் உங்களிடம் வந்து சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நான் இப்போது எல்லாவற்றையும் சொல்வது பயத்தினால் அல்ல. மூன்றாம் அரங்கைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறீர்கள். என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். அரங்கைத் திறந்துவிடுங்கள். இயந்திரங்கள் கப்பலில் ஏறிவிட்டன.

என் மனைவியிடம் நீங்கள் பேசப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் இதையும் சொல்லிவிடுவது நல்லது. தம்பியின் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"விரல் முட்டியெல்லாம் தோலு உரிஞ்சு கிடக்குதுங்க. உள்ளேர்ந்து தட்டினானா?"

"கரண்ட் அடிச்சா அப்படித்தான் ஆகும். உடனே போயிட்டாம்மா. தட்டவெல்லாம் அவனுக்கு நேரமே இருந்திருக்காது."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இந்த விஷயத்தில் நான் யாரிடமாவது பொய் சொன்னேன் என்றால் அது ஒன்றுதான், அதுவும் அவள் மனசு நோகக் கூடாதே என்று சொன்னது.