கோழிகள் குடித்த புளூபெர்ரி

யானிக்: நில்லு, கரீன். ஜூஸ் கோப்பையைக் குடு, நான் கழுவறேன்.

கரீன்: கழுவிட்டேன்... உனக்கென்ன அவசரம்?

யானிக்: ஒண்ணுமில்ல. மீசையில ஊதாக் கறையைக் காணோமேன்னு பாத்தேன்.

கரீன்: எனக்கு எங்கடா மீசை? உங்கம்மாவுக்கு வேணா இருக்கு.

யானிக்: அம்மாவை விடு. கோழிக்கூட்டைப் பாத்தியா? பனி மேல எச்சமெல்லாம் ஊதாவா கிடக்கு.

கரீன்: ஏதாவது... வியாதியா இருக்கும்.

யானிக்: ஆமா. நம்ம வயல் புளூபெர்ரி வியாதி.

கரீன்: கண்டுபிடிச்சிட்டியா?

யானிக்: எப்பலேர்ந்து கோழிக்கு ஊத்தற?

கரீன்: கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலேர்ந்து. திட்டறதுன்னா இப்பவே திட்டிடு.

யானிக்: ஏன் திட்டறேன்? புடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

கரீன்: ருசிக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. குழந்தைக்காகப் பாத்த வைத்தியத்துல போன தடவை என் கருமுட்டை எதுவும் தேறலைன்னு டாக்டரம்மா சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? வயசாக ஆக ஆக்சிஜனே முட்டையை அரிச்சிடும், இரும்புல துரு ஏறுற மாதிரின்னு...

யானிக்: அதைத் தடுக்கிற ஆன்டிஆக்சிடன்ட் புளூபெர்ரியில நிறைய இருக்குன்னு...

கரீன்: இருக்குன்னாங்க. ஆனா அதனால குழந்தை தங்கும்னு உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க. அது மட்டும் உன் காதுல ஏறல. தினம் காலைல நீ கோப்பையை நீட்டறப்ப, "துருப்பிடிச்சவளே, இந்தா"ன்னு சொல்ற மாதிரி இருக்கு எனக்கு.

யானிக்: ஐயோ... நான் அப்படி நெனைச்சதே இல்லம்மா.

கரீன்: தெரியும். அதான் சொல்ல வாய் வரல. உன் ஆசை முகத்தைப் பாத்துட்டு, நேரா கோழிகிட்டப் போயிடுவேன்.

யானிக்: அதுங்க முட்டை ஜோரா இருக்கு, தெரியுமா?

கரீன்: இருக்கும், இருக்கும். அதுங்களாவது நல்லா இருக்கட்டும்.

யானிக்: சிரிக்கிறியா, அழறியா?

கரீன்: ரெண்டும்தான். யானிக்... புளூபெர்ரிச் செடியை மறுபடி தழைக்கட்டும்னு அடியோட வெட்டி விடறியே, அந்த வருஷம் ஒரு பழம் கிடையாது. ஏன் காய்க்கலைன்னு வயலை யாராவது கேக்கறாங்களா? எனக்கு மட்டும் அப்படி ஒரு வருஷம் கிடையாதா?

யானிக்: வேணுமா?

கரீன்: நாப்பது ஆகப்போகுது. இப்ப விட்டா நமக்குக் குழந்தையே இல்லாமப் போகலாம்.

யானிக்: போகலாம். உனக்கு வேணுமான்னு கேட்டேன்.

கரீன்: வேணும்... ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். உன்கிட்ட இன்னொண்ணும் மறைச்சுட்டேன். இந்த மாச ஊசி...

யானிக்: ஃப்ரிட்ஜ்ல வெண்ணெய்க்குப் பின்னால இருக்கு. பெட்டியைப் பிரிக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேன்.

கரீன்: பாத்துட்டுமா தினம் அரைச்சே? கோழிக்குத்தான் போகுதுன்னு தெரிஞ்சும்?

யானிக்: எச்சம் போன மாசமே ஊதா. நீயா சொல்லட்டும்னு காத்திருந்தேன். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியல, கரீன். ஊசி, வலி எல்லாம் உனக்கு. எனக்குன்னு இருந்தது அந்த மிக்ஸி ஒண்ணுதான்.